இன்பம் தேயும், இச்சை வளரும்

சென்ற கிழமை வந்த கடிதங்களுள் ஒன்று உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எழுதியது. பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமென்று கேட்டிருக்கிறார், அவ்வாறே செய்கிறோம். கடிதத்தின் சாரம் இது: அவருடைய நண்பர் ஒருவர், பரீட்சைக்காக இரவிற் கண்விழித்துப் படிக்கும் பொருட்டு, யாரோ கொடுத்த ஒருவகைக் குளிசையை விழுங்கத் தொடங்கினார். முதல் நாள் அரைக் குளிசையே போதியதாயிருந்தது. நித்திரை பறந்தது, பசி பறந்தது, உற்சாகம் பொங்கிற்று. ஒரு மாதம் செல்வதற்குள் ஒன்று போதவில்லை. இப்பொழுதோ இரண்டு விழுங்கினாலும் முதல் நாட் கண்ட உற்சாகம் வருவதில்லையாம். விழுங்காத நாட்களிற் புத்தகத்தைத் திறக்கவும் மனமில்லையாம். “மருந்து அதே மருந்து, ஆளும் அதே ஆள், அப்படியாயின் மாறியது யாது?” என்று நமது மாணவர் கேட்கிறார்.

நல்ல கேள்வி. இதற்கு ஒரு வரியிலும் விடை கூறிவிடலாம்: மருந்து அதே மருந்துதான், ஆனால், விழுங்குபவரின் மூளை முதல் நாள் இருந்த மூளை அன்று. அது எவ்வாறு மாறுகின்றது என்பதை மனிதருக்கு நஞ்சூட்டிப் பரிசோதித்தல் அறமாகாது. எலி, சுண்டெலி, குரங்கு ஆகிய வாய்பேசாப் பிராணிகள் ஆய்வுகூடங்களிலே பட்ட பாட்டினாலேயே நாம் இதனை ஓரளவேனும் அறிந்திருக்கிறோம். அவை காட்டிய உண்மைகளை இவ்வாரம் எடுத்துரைப்போம். சற்றுப் பொறுமையோடு படித்தால், பெற்றோரும் மாணவரும் ஒருங்கே பயன்கொள்ளத்தக்க செய்தி இதில் உண்டு.

தூதும் வாங்கியும்

நமது மூளையிலே ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. ஆயினும் ஒரு கலம் அயற்கலத்தைப் பெரும்பாலும் நேரே தொடுவதில்லை. இரண்டிற்குமிடையே மிக நுண்ணிய இடைவெளியொன்று இருக்கின்றது. ஒரு மில்லிமீற்றரை ஐம்பதினாயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவே அதன் அகலம். செய்தி சொல்ல விரும்பும் கலம் ஓர் இரசாயனப் பொருளை இவ்விடைவெளியிற் சொரிகின்றது. எதிர்க்கரையிலுள்ள கலத்தின் மேற்புறத்தில் அப்பொருளைப் பற்றிக்கொள்வதற்கென்றே அமைந்த புரதங்கள் உள்ளன. அவற்றை ‘வாங்கிகள்’ என்பர். வாங்கி தூதைப் பெற்றவுடன் கலத்தினுள்ளே வேலை தொடங்குகின்றது. செய்தி சேர்ந்த பின்னர், மிஞ்சிய தூதுப் பொருளை அனுப்பிய கலமே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இதற்கும் தனியான ஒரு புரதம் உண்டு. இடைவெளி துப்புரவானால்தான் அடுத்த செய்தி தெளிவாகக் கேட்கும்.

இத்தகைய தூதுப் பொருள்களுள் ஒன்று டோபமின். 1957ஆம் ஆண்டுக்கு முன்னர் இதனை ஒருவரும் பெரிதாக மதித்ததில்லை. வேறொரு பொருள் உண்டாகும் வழியிலே தோன்றும் இடைப்படி என்றே கருதினர். அக்காலத்திற் சுவீடன் தேசத்து லுண்ட் நகரில் ஆர்விட் கார்ல்சன் என்னும் விஞ்ஞானி முயல்களுக்கு ‘ரெசர்பின்’ என்னும் மருந்தைக் கொடுத்தார். இந்த ரெசர்பின், இந்திய வைத்தியத்தில் நெடுங்காலமாக வழங்கிவந்த சர்ப்பகந்தி வேரிலிருந்து 1952இற் பிரித்தெடுக்கப்பட்டது என்பதை இடையே நினைவூட்டலாம். அதனைப் பெற்ற முயல்கள் காது தொங்கி, அசைவற்றுக் கிடந்தன. டோபமின் ஆக்கத்துக்கு வேண்டிய மூலப்பொருளை ஊசி மூலம் ஏற்றியதும், சிறிது நேரத்தில் எழுந்து நடமாடின. உடலை இயக்குவதற்கும் ஊக்கத்திற்கும் டோபமின் இன்றியமையாதது என்பது இதனால் விளங்கிற்று. பார்க்கின்சன் நோய்க்கு மருந்து கண்டதும் இவ்வழியாகவே. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நொபெல் பரிசு கிடைத்தது.

டோபமினை ஏற்கும் வாங்கிகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. 1979இல் அவற்றை இரு குடும்பங்களாகப் பிரித்தனர். இன்று ஐந்து வாங்கிகள் அறியப்பட்டுள்ளன. முதலாவதும் ஐந்தாவதும் ஒரு குடும்பம். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஆகியவை மற்றொரு குடும்பம். முதற் குடும்பம் கலத்தினுள்ளே ஒரு செய்தியிரசாயனத்தைக் கூட்டும். இரண்டாங் குடும்பம் அதனையே குறைக்கும். மேலும் இரண்டாவது வாங்கி, தூது பெறும் கலத்தில் மட்டுமன்றித் தூது அனுப்பும் கலத்தின்மேலும் உண்டு. ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும் காவலன்போல அங்கே அது கடமையாற்றுகின்றது. நமது கதையில் அடிக்கடி வரப்போவது இந்த இரண்டாம் வாங்கியே.

மருந்து செய்யும் கலகம்

1954ஆம் ஆண்டிற் கனடாவின் மொன்றியல் நகரில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீற்றர் மில்னர் என்னும் இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியொன்றைப் பொருத்தி, எலி தானே ஒரு நெம்பை அமுக்கி மின்சாரம் பெறுமாறு அமைத்தனர். மூளையிற் சிலவிடங்களிற் கம்பி இருந்தபோது, எலி சலிப்பின்றி மீண்டும் மீண்டும் அமுக்கியது. மூளையில் ‘இன்னும் வேண்டும்’ என்று சொல்லவைக்கும் இடங்கள் உண்டென்பது அன்று புலனாயிற்று. அவ்விடங்களூடே செல்லும் பாதையில் டோபமினுக்குப் பெரும்பங்கு உண்டென்பதைப் பின்வந்தோர் கண்டனர்.

கொக்கெயின், அம்பெற்றமீன் ஆகிய ஊக்கமூட்டும் மருந்துகள் இப்பாதையிலேதான் கலகம் விளைக்கின்றன. ஆனால், இரண்டும் கலகம் செய்யும் முறை வேறு. கொக்கெயின், மிஞ்சிய டோபமினை உறிஞ்சும் புரதத்தை அடைத்துவிடுகின்றது. வாய்க்காலின் மதகை மூடினால் நீர் தேங்குவதுபோல, டோபமின் இடைவெளியிலே தேங்குகின்றது. அம்பெற்றமீனோ இன்னும் துணிச்சலானது. அது கலத்தினுள்ளே புகுந்து, சேமித்து வைத்த டோபமினை அதே மதகு வழியாகத் தலைகீழாய் வெளியே தள்ளிவிடுகின்றது. 1988இல் இத்தாலியின் சார்டினியாத் தீவைச் சேர்ந்த டி கியாரா, இம்பெராற்றோ என்னும் இருவர், தாராளமாக உலாவும் எலிகளின் மூளைத் திரவத்தை நுண்குழாய் மூலம் எடுத்து அளந்தனர். இம்மருந்துகள் மட்டுமன்றி, மோர்பின், நிக்கொற்றின், மதுசாரம் ஆகியவும் அப்பகுதியில் டோபமினை உயர்த்துவதை அவர்கள் கண்டனர்.

‘ஐஸ்’ என்ற பெயரில் இன்று நமது நாட்டில் இரகசியமாக விற்கப்படும் மெதம்பெற்றமீன், அம்பெற்றமீனுக்கு உடன்பிறப்பு என்பதைப் பெற்றோர் அறிந்துவைத்தல் நன்று.

சாளரத்தைச் சாத்தும் வீடு

கோயிற் கொடியேறியதும் அயலிலே ஒலிபெருக்கி கட்டிவிடுகிறார்கள். முதல் நாள் நாதசுரம் இனிமையாயிருக்கின்றது. பத்து நாளும் இரவு பகலாக முழங்கினால், அடுத்த வீட்டார் என்ன செய்வர்? ஒவ்வொரு சாளரமாகச் சாத்துவர். நரம்புக் கலமும் இதனையே செய்கின்றது. அளவு மீறிய டோபமின் நாள்தோறும் வந்து மோதும்போது, அது தன் வாங்கிகளிற் சிலவற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றது. புதிய வாங்கிகளை ஆக்குவதையும் குறைத்துக்கொள்கின்றது. முதல் நாட் கேட்ட அதே ஓசை உள்ளே கேட்கவேண்டுமாயின், ஒலிபெருக்கியை இன்னும் உரத்து முழக்கவேண்டும். அரைக் குளிசை ஒன்றாகி, ஒன்று இரண்டாவதற்கு ஒரு காரணம் இது.

இஃது உவமை மாத்திரந்தானா? அன்று. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மார்க் கரோன் தலைமையிலான குழுவினர் 1996இல் ஒரு புதுவகைச் சுண்டெலியைப் பற்றி அறிவித்தனர். டோபமினை உறிஞ்சும் புரதம் பிறவியிலேயே இல்லாதவாறு அச்சுண்டெலிகள் ஆக்கப்பட்டிருந்தன. அவற்றின் மூளையில் டோபமின், சாதாரண சுண்டெலியிற் காணப்படுவதிலும் குறைந்தது நூறு மடங்கு நேரம் தங்கிநின்றது. அவை ஓயாது ஓடித்திரிந்தன. கொக்கெயின் கொடுத்தும் அவற்றின் ஓட்டம் மேலும் கூடவில்லை. அடைப்பதற்கு மதகே இல்லையன்றோ! நமக்கு வேண்டிய செய்தி மற்றொன்று. அவற்றின் டோபமின் வாங்கிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. எந்த மருந்தையும் பெறாமலே, டோபமின் மிகுதி ஒன்றினாலேயே சாளரங்கள் சாத்தப்பட்டுவிட்டன.

இதன் மறுபுறமும் உண்மையாதல் வேண்டும். அமைதி நிலவினால் வீட்டார் சாளரத்தை அகலத் திறப்பர் அன்றோ? 1977இல் பால்ற்றிமோர் நகரில் சொலமன் சினைடரின் ஆய்வுகூடத்தில், டோபமின் வாங்கிகளை அடைக்கும் ஹலோபெரிடோல் என்னும் மருந்தை எலிகளுக்குச் சில கிழமைகள் கொடுத்தனர். வாங்கிகளின் தொகை ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கூடிற்று. தூது குறைந்தாற் செவி பெருகும். தூது மிகுந்தாற் செவி அருகும். சமநிலையை நாடுவது உயிரின் இயல்பு.

வாங்கி குறைந்தால் விலங்கு உண்மையிலேயே கூடுதலான மருந்தை நாடுமா? இதற்கும் எலியே சாட்சி. மொன்றியலில் றொபேட் யோக்கெல், றோய் வைஸ் என்னும் இருவர் 1975இல், நெம்பை அமுக்கித் தானே அம்பெற்றமீனை நாளத்தில் ஏற்றிக்கொள்ளப் பழகிய எலிகளை ஆராய்ந்தனர். டோபமின் வாங்கிகளை அடைக்கும் மருந்தைச் சிறிதளவு கொடுத்தபோது, எலிகள் நெம்பை முன்னிலும் அதிகமாக அமுக்கின. குறைந்துபோன பயனை ஈடுசெய்ய முயன்றன எனலாம். அடைக்கும் மருந்தின் அளவைப் பெரிதும் கூட்டியபோது, சிறிது நேரம் மிக வேகமாக அமுக்கிப் பார்த்துவிட்டு, பயனில்லையென்று கண்டு கைவிட்டன. நமது மாணவரின் நண்பர் இப்போது நிற்பது இதன் முதற் படியில்.

குளிசை விழுங்காத நாளிற் புத்தகத்தைத் திறக்கவும் மனம் வராமைக்கும் காரணம் இங்கே தெளிவாகின்றது. திருவிழா முடிந்துவிட்டது, ஒலிபெருக்கியும் நின்றுவிட்டது. ஆயினும் சாளரங்கள் இன்னும் சாத்தியபடியே இருக்கின்றன. முற்றத்திலிருந்து தாய் மெல்ல அழைக்கும் குரல் இப்பொழுது எப்படிக் கேட்கும்? நல்ல உணவு, நண்பரின் பேச்சு, கணக்கொன்றைச் செய்து முடித்த மகிழ்ச்சி ஆகிய சிறு இன்பங்களெல்லாம் மெல்லிய குரலில் அழைப்பவை. சாத்திய சாளரத்தினுள் அவை புகுவதில்லை.

முன்னோ, பின்னோ?

1990ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் புறூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் நோரா வொல்க்கோவும் துணைவரும், கொக்கெயினுக்கு அடிமையான மனிதரின் மூளையைப் படம் பிடித்தனர். சிறிதளவு கதிர்வீசும் பொருளை இரத்தத்திற் செலுத்தி, தலையைத் திறவாமலே வாங்கிகளை அளக்கும் முறை அது. அம்மனிதரில் இரண்டாம் வாங்கிகள் மற்றவர்களிலும் பார்க்கக் குறைவாய்க் காணப்பட்டன. மருந்தை விட்டுச் சில மாதங்கள் கழிந்த பின்னும் அக்குறை நீங்கவில்லை.

ஆனால், இங்கே ஒரு சந்தேகம் எழும். மருந்தினால் வாங்கி குறைந்ததா? அல்லது, வாங்கி குறைந்து பிறந்தவர்தாம் மருந்தை நாடினரா? அடிமைப்பட்ட பின் எடுத்த படம் இதற்கு விடை கூறாது. மருந்தைத் தொடுமுன் ஒரு படமும், தொட்ட பின் மற்றொரு படமும் வேண்டும். இதற்காகவே விஞ்ஞானிகள் குரங்கை நாடினர்.

வட கரோலினாவிலுள்ள வேக் ஃபொறஸ்ற் பல்கலைக்கழகத்தில் மைக்கல் நேடரும் துணைவரும் 2006இல் வெளியிட்ட முடிவுகள் இவ்விடத்திற் பெருமதிப்புடையவை. மருந்து பெறுமுன்னரே அவர்கள் குரங்குகளின் மூளையை அளந்துவைத்தனர். கிடைக்கக்கூடிய இரண்டாம் வாங்கிகள் குறைவாயிருந்த குரங்குகள், பின்னர் கொக்கெயினை அதிக வேகத்துடன் நாடின. ஆகவே ‘முன்னோ’ என்ற கேள்விக்கு விடை ‘ஆம்’. அடுத்து, மருந்து எடுக்கத் தொடங்கி ஒரே கிழமையில் அவ்வாங்கிகள் 15 முதல் 20 வீதம் வரை குறைந்தன; ஓராண்டு முழுவதும் அக்குறைவு நிலைத்தது. ஆகவே ‘பின்னோ’ என்ற கேள்விக்கும் விடை ‘ஆம்’. குறைந்த வாங்கி மருந்துக்கு இழுக்கின்றது. மருந்து வாங்கியை மேலும் குறைக்கின்றது. சேற்றிற் கால் வைத்தவன் கதைதான்.

மருந்தை நிறுத்திய பின்னர் என்னவாயிற்று? சில குரங்குகளில் வாங்கிகள் சில மாதங்களிற் பழைய நிலையை அடைந்தன. வேறு சிலவற்றிலோ ஓராண்டு சென்றும் முற்றாக மீளவில்லை. ஒரே இனம், ஒரே கூடு, ஒரே மருந்து. ஆயினும் மீட்சி ஒன்றுபோல் இல்லை. தாம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை முன்கூட்டி அறிந்து துணிபவர் எவர்?

இதே ஆய்வாளர் குழு 2002இல் வெளியிட்ட மற்றொரு முடிவு குடும்பத்தவர் அனைவரும் சிந்திக்கத்தக்கது. தனித்தனியாக அடைபட்டிருந்த ஆண் குரங்குகளை நான்கு நான்காகச் சேர்த்து வாழவிட்டனர். சில நாட்களில் ஒவ்வொரு கூட்டத்திலும் தலைவன், தொண்டன் என்ற வரிசை ஏற்பட்டது. தலைமைக் குரங்குகளில் இரண்டாம் வாங்கிகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு உயர்ந்தன. கொக்கெயின் அவற்றைக் கவரவில்லை. அடங்கி, அஞ்சி, தாக்குண்டு வாழ்ந்த குரங்குகளில் அவ்வுயர்வு தோன்றவில்லை. அவையே மருந்தைத் தேடி நெம்பை அமுக்கின. தனியே இருந்த காலத்தில் இவ்விரு சாராருக்குமிடையே இத்தகைய வேறுபாடு இருக்கவில்லை. வாங்கிகளின் தொகை பிறப்பினால் மட்டும் அமைவதன்று; உயிர் வாழும் சூழலும் அதனை உயர்த்தவும் தாழ்த்தவும் வல்லது. குரங்கிற் கண்டதை அப்படியே மனிதர்மேல் ஏற்றுதல் தகாது. எனினும், ஓயாத ஏச்சும் அச்சமும் நிறைந்த வீட்டில் வளரும் பிள்ளையை எண்ணும்போது இக்கூடுகள் நம் நினைவுக்கு வராமற் போவதில்லை.

குறைவது ஒன்று, கூடுவது மற்றொன்று

இவ்வளவோடு கதை முடிந்ததாயின், ஓர் ஆறுதல் உண்டு. இன்பம் தேய்ந்துகொண்டே போனால், ஒருநாள் சலித்து மனிதன் தானாகவே விட்டுவிடுவான் அன்றோ? அவ்வாறு நடவாமைக்குக் காரணம் உண்டு. மருந்தின் பயன்கள் எல்லாம் ஒன்றாகக் குறைவதில்லை. சில குறைகின்றன, சில கூடுகின்றன.

ஓர் எலிக்குத் தோலின் கீழ் சிறு பம்பியொன்றை வைத்து, கொக்கெயினை இடைவிடாது சொட்டவிட்டால், அதன் ஓட்டம் நாளுக்கு நாள் குறைந்து, மருந்து பழகிப்போகின்றது. அதே மருந்தை நாளுக்கு ஒருமுறை ஊசியாக ஏற்றினாலோ, எலி நாளுக்கு நாள் அதிகமாக ஓடுகின்றது. கொடுக்கும் முறை மாறியதும் விளைவு நேர்மாறாகிவிட்டது! இடையிட்டுக் கொடுக்கும் மருந்து மூளையை மந்தமாக்குவதற்குப் பதிலாகக் கூர்மையாக்குகின்றது. மருந்துக்கு எலி காட்டும் இந்த ஓட்டத்தில் முதலாம் வாங்கிக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வாங்கி இல்லாதவாறு ஆக்கப்பட்ட சுண்டெலிகள் கொக்கெயின் பெற்றும் துள்ளி ஓடவில்லை என்பதை 1994இற் கண்டனர்.

மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரெரி றொபின்சன், கென்ற் பெரிட்ஜ் ஆகியோர் 1993இல் இதனை ஒரு கொள்கையாகவே வகுத்தனர். ஒரு பொருளைச் சுவைத்தல் வேறு, அதனை வேட்டல் வேறு என்பது அவர்கள் கருத்து. மருந்து திரும்பத் திரும்பச் சென்றால், கூர்மையடைவது வேட்கையே. சுவை அதனுடன் கூடி வளர்வதில்லை. இன்பம் தேய இச்சை வளர்கின்ற விந்தை இதுவே. ‘எனக்கு இதிலே ஒரு சுகமும் இல்லை, ஆனாலும் விட முடியவில்லை’ என்று அடிமைப்பட்டோர் அழுது கூறுவது பொய்யன்று.

பழகிப்போதல் வாங்கியின் எண்ணிக்கையை மட்டும் பொறுத்ததும் அன்று. கார்ல்ற்றன், வொல்ஜின் என்னும் இருவர் 1971இல் வெளியிட்ட எளிய பரிசோதனை ஒன்றைக் கேளுங்கள். அம்பெற்றமீன் பசியை அடக்கும் என்பது தெரிந்ததே. ஒருகாலத்தில் உடல் மெலிவதற்கென்று அதனைக் குளிசையாக விற்றனர். எலிகள் சிலவற்றிற்குப் பால் வைக்குமுன் இம்மருந்தைக் கொடுத்தனர். முதலிற் பாலைத் தொடாத எலிகள், சில நாட்களில் மருந்தையும் மீறிப் பால் குடிக்கப் பழகிக்கொண்டன. வேறு சில எலிகளுக்கு அதே அளவு மருந்தை, அத்தனை தடவை, ஆனால் பால் குடித்த பின்னர் கொடுத்தனர். பின்பு ஒருநாள் அவற்றிற்குப் பாலுக்கு முன் மருந்து கொடுத்தபோது, முதன்முறை மருந்து கண்ட எலிகள்போலப் பாலைத் தொடாமல் நின்றன. இரத்தத்திற் சென்ற மருந்து இரு சாராருக்கும் ஒன்றே. மருந்தின் பிடியில் இருந்துகொண்டு பால் குடிக்க முயன்றவையே பழகிக்கொண்டன. ஆகவே, பழகிப்போதலில் இரசாயனத்தோடு கல்வியும் கலந்திருக்கின்றது.

அளவு எவ்வாறு ஏறுகின்றது என்பதையும் எலியே காட்டியுள்ளது. சேர்ஜ் அகமட், ஜோர்ஜ் கூப் ஆகியோர் 1998இல் அறிவித்தது இது: நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் கொக்கெயின் பெற விடப்பட்ட எலிகள், கிழமைகள் பல சென்றும் ஏறத்தாழ ஒரே அளவோடு நின்றன. நாளுக்கு ஆறு மணி நேரம் விடப்பட்டவையோ, நாளுக்கு நாள் அளவைக் கூட்டிக்கொண்டே போயின. முதலில் இரு சாராரும் ஒரே மாதிரியான எலிகளே. நெடுநேரம் மருந்தின் வசப்பட்டிருந்தமையே ஒன்றை மற்றொன்றாக்கிற்று. ‘பரீட்சை முடியும் மட்டும்’ என்று தொடங்கும் பழக்கம் இரவிரவாக நீளும்போது, அது முதற் கூட்டத்திலிருந்து இரண்டாங் கூட்டத்துக்கு நகர்கின்றது.

மாணவருக்கு விடை

இப்பொழுது நமது மாணவரின் கேள்விக்கு வருவோம். “மருந்து அதே மருந்து, ஆளும் அதே ஆள், அப்படியாயின் மாறியது யாது?”

தம்பி, உமது நண்பருடைய மூளையிலே இரண்டு மாற்றங்கள் ஏககாலத்தில் நிகழத் தொடங்கியிருத்தல் கூடும். ஒன்று, வாங்கிகள் குறைந்து, மருந்தின் உற்சாகமும் வாழ்க்கையின் இயல்பான உற்சாகமும் ஒருங்கே மங்குதல். மற்றொன்று, மருந்தை நாடும் வேட்கை கூர்மையடைதல். இரண்டாவது குளிசையை அவரது கையில் எடுத்துக் கொடுப்பவை இவ்விரண்டுமே. இதைக் கெட்ட குணமென்று ஏசுவதாற் பயனில்லை. மன உறுதி ஒன்றே போதுமென்று விட்டுவிடுவதும் ஆபத்து.

இன்னொன்றையும் அவருக்குச் சொல்லும். உற்சாகம் பழகிப்போவதுபோல இதயத்துக்கு வரும் கேடும் பழகிப்போய்விடும் என்று நம்புதல் கூடாது. தேய்ந்த இன்பத்தைத் துரத்தி அளவைக் கூட்டும்போது, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் அஞ்சத்தக்க நிலைக்கு ஏறுதல் கூடும். யாரோ கொடுத்த குளிசையில் என்ன கலந்திருக்கின்றது என்பதும் விழுங்குபவருக்குத் தெரியாது. இரவு முழுவதும் விழித்துக் கற்றது மனத்தில் நிலைப்பதற்கும் நித்திரையே வேண்டும். அந்த நித்திரையைத்தான் இந்தக் குளிசை முதலிற் பறிக்கின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கவனம் குவியாத சில பிள்ளைகளுக்கு வைத்தியர்கள் இக்குடும்பத்தைச் சேர்ந்த மருந்தொன்றை அளந்து, கண்காணித்துக் கொடுப்பதுண்டு. அது வேறு விஷயம். இக்கட்டுரையைப் படித்துவிட்டு அத்தகைய மருந்தை எவரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம். ஐயமிருப்பின் வைத்தியரையே கேட்கவேண்டும்.

உமது நண்பர் செய்யவேண்டியது யாது? இரகசியத்தை முதலில் உடைக்கவேண்டும். தாய், தந்தை, மூத்த சகோதரர், ஆசிரியர் ஆகியோருள் அவர் நம்பும் ஒருவரிடம் சொல்லி, அவருடன் வைத்தியரிடம் செல்லவேண்டும். மருந்தை விட்ட முதற் சில நாட்களிற் சோர்வும் மிகுந்த நித்திரையும் மனத்தளர்ச்சியும் வருதல் இயல்பு. அந்நாட்களில் அவர் தனியே இருத்தல் ஆகாது. ‘எனக்கு இனி எதிலும் சந்தோஷம் வராது’ என்று அவருக்குத் தோன்றும். அது சாத்திய சாளரம் சொல்லும் சொல் என்பதை அவருக்கு நினைவூட்டும். குரங்குகளிற் பல மீண்டன. மனிதரிலும் எத்தனையோ பேர் மீண்டிருக்கின்றனர். ஆயினும் மீட்சிக்கு நாட்கணக்குப் போதாது, மாதக்கணக்கு வேண்டும். ஒரு மாதத்தில் மனம் தெளியவில்லையென்று மீண்டும் குளிசைக்குத் திரும்பினால், திறக்கத் தொடங்கிய சாளரம் மறுபடி சாத்தப்படும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பரீட்சை கிட்டும் காலத்தில் உங்கள் பிள்ளை இரவிரவாக விளக்கேற்றி இருப்பதைக் கண்டு மகிழ்வது இயல்பே. ஆனால், பசியின்றி, நித்திரையின்றி, காரணமின்றிச் சீறி விழுந்து, பின்பு பகல் முழுவதும் துவண்டு கிடப்பானாயின், அதனை ஊக்கமென்று எண்ணிப் பெருமைப்பட வேண்டாம். அருகில் அழைத்து, ஏசாமல், என்ன நேர்ந்ததென்று கேளுங்கள். அடங்கி அஞ்சி வாழ்ந்த குரங்குகளே மருந்தைத் தேடின என்பதை மறவாதிருத்தல் நலம்.

கடிதம் எழுதிய மாணவருக்கு நமது நன்றி. இக்கட்டுரையை அவர் தம் நண்பருக்கு வாசித்துக் காட்டுவாராயின், பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் இருந்தாலும், அந்த ஒரு மாலைப்பொழுதைப் படிப்புக்கு இழந்ததாக எண்ணவேண்டியதில்லை.